காற்று தட்டும் கதவு

மேற்கு வானம் கறுத்தால், வெள்ளைக்கல் தோட்டத்துப் பங்களாவில் முதலில் உள்ளே போவது வராந்தாவின் பிரம்பு நாற்காலிகள். அடுத்து பூந்தொட்டிகள். பிறகு விருந்தாளிகளின் மோட்டார் காடி தூங்குமூஞ்சி மரத்தடியை விட்டு நகர்ந்து வெட்டவெளிக்குப் போயாக வேண்டும்.

"காடி நனஞ்சா காஞ்சிரும் சார். கொம்பு விழுந்துச்சுன்னா அவ்வளவுதான்" என்பாள் கருப்பம்மாள். ஈப்போவிலிருந்து விடுமுறையைக் கழிக்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டே சாவியைத் தேடுவார்கள்.

சுங்கை சிப்புட் பட்டணத்தைத் தாண்டி செம்மண் பாதையில் உள்ளே போனால், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு எதிரே ஒரு மேடு வரும். மேட்டின்மேல் செங்கல் தூண்களில் நிற்கிறது அந்தப் பலகை வீடு. முன்வாசல் கிழக்கே பார்க்கும். பின்வாசல் மேற்கே. பின்னால் சமையலுக்குக் குசினி, தனிக் கட்டடம்; அதையும் வீட்டையும் தகரக் கூரை போட்ட ஒரு நடை சேர்த்தது; அந்த நடைக்குத் திறக்கும் பின்வாசலுக்குத்தான் குசினிக் கதவு என்று பெயர். கீழே ஓடைக்கரையில் தொழிலாளர் லயங்கள். அதில் கடைசி லயத்தில்தான் கருப்பம்மாள் பிறந்தாள்.

பாவாடை கட்டிய வயதில் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மேட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளைகள் வளர்ந்து கப்பலேறியதும் துணி தோய்த்தாள், பிறகு சமைத்தாள். துரைசானிக்கு ரசம் பிடிக்கும். அதை அவள் கோப்பையில் ஊற்றிக் குடிப்பாள். இதைச் சொல்லும்போது மட்டும் கருப்பம்மாளுக்குச் சிரிப்பு வரும்.

அத்தனை வருடத்தில் அவள் முன்படியில் ஏறியதில்லை. தினமும் அந்தப் படிகளைக் கழுவியவள் அவள்தான். உள்ளேயிருந்து வந்து, மேற்படியில் தொடங்கி, இறங்கிக்கொண்டே கழுவி, கடைசிப் படி முடிந்ததும் வீட்டைச் சுற்றிக்கொண்டு குசினிப் பக்கம் போய்விடுவாள். ஈரப் படியில் மறுபடி கால் வைத்தால் தடம் விழும் என்று நினைத்துக்கொள்வாள். படி காய்ந்த பிறகும் அப்படித்தான் போனாள்.

அவள் புருஷன் சன்னாசி ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். ஒல்லி. ஒரு வார்த்தை பேசவே யோசிப்பான். கல்யாணத்துக்கு முன்னால், இளவட்டமாக இருந்தபோது, ஒருநாள் ரப்பர் தாள் உலர்த்தும் புகைக்கொட்டகையில் தீப்பிடித்துவிட்டது. சொல்ல ஓடியவன் அவசரத்தில் முன்படி ஏறி, சேற்றுக் காலோடு வராந்தாவில் போய் நின்று "தொரே, தீ!" என்று கத்திவிட்டான். தீ அணைந்த மறுநாள், பிரட்டுக் களத்தில் ஆள் எடுக்கும்போது, கங்காணி அவனைத் தனியாக நிறுத்தினான். செருப்பு இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு எல்லோரும் வேலைக்குப் போய் முடியும்வரை நிற்கச் சொன்னான். தீயை அணைத்ததில் சன்னாசியின் முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

பிற்காலத்தில் அதையே ஒரு வேடிக்கைக் கதையாக்கிவிட்டான். "நான் ஒருத்தன்தான் இந்தத் தோட்டத்துல முன்வாசல்ல ஏறுனவன், தெரியும்ல" என்பான். கேட்பவர்கள் சிரிப்பார்கள். கருப்பம்மாளும் சிரிப்பாள். அந்தக் கதை அவன் காலுக்குள் இறங்கிவிட்டதை அவள் வெகுநாள் கழித்துத்தான் கண்டாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் துரை ஊருக்குப் போனார். தோட்டம் கைமாறியது. மறுபடியும் கைமாறியது. பால்மரங்களை வெட்டினார்கள். லயத்துச் சனங்கள் சட்டி பானையை லோரியில் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கும் காம்பாருக்கும் போனார்கள். ஈப்போ தவுக்கே, சீன முதலாளி ஒருவர், பங்களாவை வாங்கி, சாயம் அடித்து, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. வீட்டின் எந்தப் பலகை எப்போது முனகும் என்று தெரிந்தவள் கருப்பம்மாள் ஒருத்திதான். அதனால் அவளும் சன்னாசியும் கடைசி லயத்திலேயே தங்கினார்கள். மற்ற வீடுகளில் கறையான் குடியேறியது.

மரங்கள் போன பிறகுதான் காற்று என்றால் என்னவென்று அந்த மேட்டுக்குத் தெரிந்தது. பால்மரங்கள் இருந்தவரை காற்று பங்களாவுக்கு நேராக வந்ததில்லை; வழியில் ஒவ்வொரு மரத்திடமும் நின்று பேசிவிட்டு, களைத்துப் போய் வந்து சேரும். இப்போது கடல் பக்கமிருந்து கிளம்பினால் நேரே குசினிக் கதவுதான்.

வெட்டிய மறுவருடமே ஒரு காற்று வந்தது. குசினிக் கதவு படீரென்று திறந்துகொண்டது. உள்ளே புகுந்த காற்று வெளியே போக வழி தெரியாமல் சாப்பாட்டு அறையின் மேற்பலகைகளைத் தூக்கியது. தூக்கிய பலகை ஒன்று விழுந்து, விடுமுறைக்கு வந்திருந்த ஒரு பையனின் நெற்றி கிழிந்தது. தவுக்கேயின் குமாஸ்தா ஜெயபாலன் மோட்டார் சைக்கிளில் வந்தான்.

"அக்கா, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா தவுக்கே வீட்டப் பூட்டிருவாரு லா. ஒங்களுக்கும் சுசா, எனக்கும் கஷ்டம்."

"காத்த நானா கூட்டியாந்தேன் தம்பி?"

"கூட்டியாரல. ஆனா கதவத் தொறந்து விட்டது யாரு?"

அன்றிலிருந்து அந்தக் கதவுக்கு ஒரு குறுக்குக்கட்டை வந்தது. காற்று கிளம்பினால் கட்டை விழும், அடங்கும்வரை எடுக்கப்படாது. முன்வாசல் காற்றுக்கு மறைவான பக்கம் என்பதால் அதைத் தாழிடாமல் சும்மா சாத்தி வைப்பாள். வீட்டு நடுவே துரை மதுப்புட்டி வைத்திருந்த செங்கல் அறை, சன்னல் இல்லாதது. அங்கே பாய், மண்ணெண்ணெய் விளக்கு, ஒரு வாளித் தண்ணீர், பிஸ்கட் டின். வந்து இறங்கும் எல்லா விருந்தாளிகளிடமும், தேநீர் கொடுத்த கையோடு சொல்லிவிடுவாள்:

"காத்து வந்துச்சுன்னா எல்லாரும் இந்த ரூமுக்குள்ள வந்துருங்க. குசினிக் கதவ மட்டும் தொடாதீங்க. அது தட்டும். ஆளு மாதிரியே தட்டும். கொஞ்சம் நிறுத்தும், மறுபடி தட்டும். யாரோ வந்துருக்காங்கன்னு எந்திரிச்சுப் போயிராதீங்க. காத்துதான்."

குழந்தைகளுக்கு இது பேய்க்கதை போல இருக்கும். மறுபடி சொல்லச் சொல்வார்கள். அவளும் கதவைத் தட்டிக் காட்டுவாள்.

ஒரு முறை வந்தவர்கள் லகாட்டிலிருந்து லூயிஸ் குடும்பம். லூயிஸ் ஈப்போ ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். மனைவி ஜோன், மகள் டோரிஸ். பள்ளி விடுமுறை. டோரிஸ் வந்த நாளே லயத்துப் பக்கம் ஓடிப்போய் சன்னாசியின் புள்ளிக்கோழியோடு சிநேகமாகிவிட்டாள். சன்னாசி அவளுக்குக் கோழியைப் பிடித்துக் கொடுத்து, இறக்கையை எப்படி அணைக்க வேண்டும் என்று காட்டினான். பிள்ளை இல்லாத வீடு அது. கருப்பம்மாள் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் உச்சிவேளையில் புழுக்கம் தாங்கவில்லை. தும்பிகள் முழங்கால் உயரத்தில் பறந்தன. கருப்பம்மாள் விருந்தாளிகளுக்குச் சோறு போட்டுவிட்டு லயத்துக்கு இறங்கினாள். சன்னாசி வீட்டு முன் அஞ்சடித் திண்ணையில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். வெட்ட மரம் இல்லை. கத்தியை மட்டும் தீட்டுவதை விடவில்லை.

"இன்னைக்கு வரும். எறும்பெல்லாம் சுவரு ஏறுது. இப்பவே என்கூட மேல வந்துருங்க."

"விருந்தாளி இருக்காங்கள்ல. நான் அங்க வந்து எங்க குந்துறது?"

"வராந்தாவுல குந்துங்க. தொரை போயி எத்தினி காலமாச்சு. இன்னும் என்னா பயம்?"

"பயமா? எனக்கா?" அவன் கத்தியின் முனையை நகத்தில் வைத்துப் பார்த்தான். "காசு குடுத்து வந்து தங்கியிருக்காங்க புள்ள. கைலிய கட்டிக்கிட்டு நான் முன்னால ஏறி வந்தா நல்லாவா இருக்கும்? குசினிப் பக்கமா வாரேன்."

"கட்டையப் போட்டுட்டேன்னா நான் தொறக்க மாட்டேன். ஞாபகம் இருக்கட்டும்."

"அதுக்கு முன்னால வந்துருவேன். நேரமாயிருச்சுன்னா புகைக்கொட்டாய் இருக்கு, செங்கல்லு சுவரு. நீ போ, ஒன் விருந்தாளியப் பாரு லா."

அவள் கிளம்பினாள். நாலு எட்டு வைத்துத் திரும்பினாள். "அந்தச் சின்னப்புள்ள கோழிய விசாரிச்சிச்சு. காத்துல பறந்துருமாம்."

சன்னாசி சிரித்தான். "பறந்துராதுன்னு சொல்லு."

நினைத்ததற்கு முன்னாலேயே காற்று வந்துவிட்டது. மேற்கில் மழைத் திரை தெரிவதற்குள் நாற்காலி ஒன்று தானாக நகர்ந்தது. லூயிஸ் ஓடிப்போய்க் காடியை நகர்த்தினார். ஜோன் பலகணிகளின் கொண்டிகளைப் போட்டாள். கருப்பம்மாள் குசினி நடையில் நின்று லயத்துப் பாதையைப் பார்த்தாள். ஆள் இல்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தாள். நடையின் தகரம் தடதடவென்று அடித்துக்கொண்டது. 'புகைக்கொட்டாய்க்குப் போயிருப்பாரு' என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தாள். அவனுக்காக மூடி வைத்த சோற்றுத் தட்டை மேசையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். கட்டையைப் போட்டாள்.

செங்கல் அறையில் நால்வரும் பாயில் உட்கார்ந்தார்கள். விளக்கு லூயிஸ் கையில். வீடு முழுக்க முனகியது. ஜோன் செபமாலையை உருட்டினாள். இடி விழும்போதெல்லாம் கருப்பம்மாள் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்றாள்.

"அது யாரு ஆண்ட்டி?" டோரிஸ் கேட்டாள்.

"இடிய நமக்காகத் தடுக்கிறவரு. நீ ஒங்க சாமியக் கூப்பிடு, நான் எங்க சாமிய. யாரு முன்னால வாராங்கன்னு பாப்போம்."

லூயிஸ் சிரித்தார். அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. நின்றது. மறுபடி மூன்று.

"ஆண்ட்டி, நீங்க சொன்ன மாதிரியே தட்டுது!" டோரிஸுக்குப் பயத்தோடு ஒரு சந்தோஷம்.

"சொன்னேன்ல. காத்து."

மறுபடி தட்டியது. டோரிஸ் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இல்ல ஆண்ட்டி. யாரோ நிக்கிறாங்க."

லூயிஸ் விளக்கோடு எழுந்தார். "அக்கா, ஒரு தடவ பாத்துட்டு வந்துரட்டுமா? கீழ உங்க வீட்டுக்காரரு..."

"அவரு புகைக்கொட்டாயில இருக்காரு சார்." கருப்பம்மாள் கையை நீட்டி வாசலை மறித்தாள். "போன தடவ அந்தக் கதவு தொறந்துதான் ஒரு புள்ளைக்கு மண்ட ஒடஞ்சிச்சு. ஒங்கள நல்லபடியா வீட்டுக்கு அனுப்பணும். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். தட்டும் சத்தம் இன்னொரு முறை கேட்டது. பிறகு வெளியே ஏதோ பெரிதாக முறிந்து, தகரம் நீளமாகக் கிழிந்த ஓசை வந்தது. அதற்குப் பிறகு காற்று மட்டுந்தான்.

காற்று அவ்வளவு மெதுவாகத் தட்டாது. இது அவளுக்கு அப்புறம்தான் தோன்றியது. காற்று தட்டினால் கட்டை குதிக்கும். அன்று கட்டை குதிக்கவில்லை. உள்ளே இருப்பவர்களுக்குத் தொந்தரவு ஆகிவிடக் கூடாது என்று நினைக்கிற ஒரு கை தட்டிய சத்தம் அது. அவளுக்கு மிகவும் பழக்கமான கை.

அடங்கியதும் கட்டையை எடுத்தாள். கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. நடையின் கூரை முழுதும் இறங்கிக் கிடந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கொம்பு ஒன்று அதன்மேல். முதலில் கேட்டது கோழியின் கொக்கரிப்பு. தகரத்துக்கும் படிக்கும் இடையில் ஒரு கூடை கவிழ்ந்திருந்தது. அதற்குள் புள்ளிக்கோழி, ஒரு இறகும் நனையாமல். கூடைமேல் சன்னாசியின் கை.

லூயிஸ் தகரத்தைத் தூக்கினார். தூக்கியதும் ஜோன் மகளின் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டு திரும்பிவிட்டாள்.

கருப்பம்மாள் பார்த்தது செருப்பை. கீழ்ப்படியின் அடியில், காற்று அடித்துக்கொண்டு போய்விடாமல், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி வைக்கப்பட்டிருந்தன. அந்தக் காற்றில், அந்த மழையில், கூடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவன் குனிந்து செருப்பைக் கழற்றியிருக்கிறான்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினால் ஒரு நிமிடம் ஆகாது. முன்வாசல் வெறுமனே சாத்தியிருந்தது. வராந்தாவின் உள்மூலை நனையக்கூட இல்லை.

"முன்னால தூக்கிட்டுப் போலாம். ஹாலுல வைக்கலாம்" என்றார் லூயிஸ்.

"வேணாம் சார். தவுக்கே வீடு."

"பரவாயில்லக்கா. நான் பேசிக்கிறேன்."

பாயில் வைத்து, லூயிஸும் சாலை முனையிலிருந்து ஓடி வந்த கடைக்காரன் பத்துமலையும் தூக்கினார்கள். முன்படியில் ஏறினார்கள். கருப்பம்மாள் கூடவே வந்து, கடைசிப் படியின் கீழே நின்றுவிட்டாள். ஜோன் இறங்கி வந்து கையைப் பிடித்து மேலே கூட்டிப் போனாள்.

போலீஸ் வந்தது, போனது. லகாட்டுக்காரர்கள் மறுநாள் கிளம்பவில்லை. எடுத்து அடக்கம் செய்யும்வரை இருந்தார்கள். ஜெயபாலன் தவுக்கே கொடுத்தனுப்பிய மாலையோடு வந்தான். உடைந்த நடையைப் பார்த்தான், முன்வாசலைப் பார்த்தான்.

"தாழ்கூட போடலையாமேக்கா. முன்னாலயே வந்துருக்கலாமே அண்ணன்."

பட்டணத்திலிருந்து வந்த எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். ஒவ்வொருவரும் முதன்முதலாகத் தமக்குத்தான் தோன்றியதுபோலக் கேட்டார்கள். ஈப்போவுக்கும் காம்பாருக்கும் போன பழைய லயத்துச் சனங்கள் லோரி பிடித்து வந்து இறங்கினார்கள். அவர்கள் அழுதார்கள், சோறு ஆக்கினார்கள், குழி வெட்டினார்கள். அவர்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

ஆனால் அவள் அவன்மேல் கோபமாக இருந்தாள். துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். துணி மடிக்கும்போது, வெங்காயம் உரிக்கும்போது, "சொன்னேனே, முன்னால வாங்கன்னு சொன்னேனே" என்று சட்டென்று சத்தமாகச் சொல்லிவிடுவாள். அந்தக் கோபத்தைக் கீழே வைத்தால் அதற்கு அடியில் தான் போட்ட கட்டை இருப்பது அவளுக்குத் தெரியும். அதனால் கீழே வைக்கவில்லை.

காம்பாரிலிருந்து தங்கை மகள் வந்து கூப்பிட்டாள். கருப்பம்மாள் போகவில்லை. பங்களாவிலேயே குசினியை ஒட்டிய சின்ன அறைக்கு மாறினாள். கோழியை லூயிஸ் குடும்பம் கொண்டுபோய்விட்டது. டோரிஸ் அதைக் கூடையோடு மடியில் வைத்துக்கொண்டுதான் காடியில் ஏறினாள்.

விருந்தாளிகள் வந்தார்கள். நாற்காலி, பூந்தொட்டி, காடி, செங்கல் அறை. எல்லாம் முன்போலவே சொன்னாள். குசினிக் கதவு வந்ததும் மட்டும் பேச்சு மாறியது.

"தட்டும். காத்துதான் தட்டும். இருந்தாலும் 'யாரு'ன்னு ஒரு தடவ கேளுங்க. பதில் வந்துச்சுன்னா முன்னால வரச் சொல்லுங்க."

இப்போது யாரும் தட்டிக் காட்டச் சொல்லவில்லை. சொன்னாலும் அவள் செய்திருக்க மாட்டாள். ரொட்டிக்காரன், டோபி, மீன் கொண்டுவரும் பெண்பிள்ளை, எல்லோரையும் முன்வாசலுக்கு விரட்டினாள். "முன்னால வாங்க. படி எதுக்கு இருக்கு?" ரொட்டிக்காரன் முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளைத் திருப்புவான். ஒவ்வொரு காற்றிலும் கட்டையைப் போட்டுவிட்டு, விருந்தாளிகளை அறைக்குள் அனுப்பிவிட்டு, பலகையில் காதை வைத்துக்கொண்டு கதவோரம் நிற்பாள். "யாரு?" என்பாள். காற்று கட்டையைக் குதிக்கவைக்கும். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்பாள்.

சில வருடங்கள் போயின. ஒரு டிசம்பர் விடுமுறையில், பத்துமலையின் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்கப் போனவளைப் பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பின்னாலேயே காற்று. தகர டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு மேடு ஏறினாள். பங்களாவில் இருந்தவர்கள் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. சொன்னபடி செய்திருந்தார்கள். வராந்தாவில் நாற்காலி இல்லை. காடி வெட்டவெளியில் நின்றது. அதையெல்லாம் அவள் மழைக்குள் பார்த்துக்கொண்டே போனாள்.

கை பலகையில் பட்டபோதுதான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. குசினிக் கதவு. கட்டை விழுந்திருந்தது. புதிதாகப் போட்ட நடைக் கூரை தலைக்குமேல் அடித்துக்கொண்டது. முன்படிகளுக்குப் பக்கமாகத்தான் அவள் வந்திருக்கிறாள். அவற்றைத் தாண்டி, வீட்டைச் சுற்றி, இங்கே. யாரும் சொல்லவில்லை. கால் தானாகக் கொண்டுவந்திருக்கிறது. கீழே பார்த்தாள். காலில் செருப்பு இல்லை. எப்போது கழற்றினாள் என்று அவளுக்கு நினைவில்லை.

அத்தனை வருடமாகப் பிடித்து வைத்திருந்த கோபம் அந்தப் படியில் அவளை விட்டு இறங்கிப் போனது. அவனிடம் கேட்க இனி ஒன்றுமில்லை. அதற்கு அடியில் இருந்தது, தான் போட்ட கட்டை, இப்போது மேலே வந்தது.

கையைத் தூக்கித் தட்டினாள். மெதுவாக.

உள்ளே காலடி ஓடி வந்தது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, புதுப்பெண்ணின் பயந்த குரல், சொல்லிக் கொடுத்தபடியே கேட்டது:

"யாரு?"

எவ்வளவு சின்ன வார்த்தை. அதைக் கேட்டிருந்தால் அவன் என்ன சொல்லியிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். தன் பேரைச் சொல்லியிருக்க மாட்டான். "நான்தான் புள்ள" என்றிருப்பான்.

"யாருங்க?" குரல் மறுபடி கேட்டது.

கருப்பம்மாள் மண்ணெண்ணெய் டின்னைக் கீழே வைத்துவிட்டு, நெற்றியைப் பலகையில் சாய்த்து, சன்னாசி செத்த நாளில் அழாத அழுகையை அழுதாள். உள்ளே கட்டை எடுபடும் சத்தம் கேட்டது.

"தொறக்காதம்மா" என்றாள். "தொறக்காத. நான் முன்னால வாரேன்."